ஒரு பொருளுக்கு ஒரே கடை

என் மனைவி பாதி ஆயுளைப் பஸ் படிக்கட்டில் கழித்தவள். கண்டக்டர். உட்கார்ந்து பேசத் தெரியாது, மெதுவாகப் பேசவும் தெரியாது. பஸ்ஸில் மூச்சு விட இடம் இருக்காது; ஒருவர் கால் இன்னொருவர் செருப்பில் இருக்கும். அப்போதும் கீழே நிற்பவர்களைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க, நடுவுல எடம் இருக்கு" என்பாள். பஸ்ஸின் நடுவில் எப்போதும் இடம் இருக்கும் என்பது அவளுக்கு ஒரு மதம் மாதிரி. அந்த நடு எங்கே இருக்கிறது என்று ஒரு பயணியும் கடைசி வரை கண்டுபிடித்ததில்லை.

பிறகு டிரைவரே டிக்கெட் கொடுக்கும் மெஷின் வந்தது. கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவளும் வந்தாள், விசிலோடு. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளைகள் வேலைக்கென்று தூரத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் "உள்ள நகருங்க, வழிய மறைக்காதீங்க" என்றால் நான் எங்கே நகர்வது? சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து கொல்லைக்கும் நகர்ந்து பார்த்தேன். கொல்லைக்கு அந்தப் பக்கம் வயல்தான்.

அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோனது. காலையில் எழுந்து கட்டில் விளிம்பில் உட்காருவாள். நான் வயலுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அங்கேயே இருப்பாள். டீ கொடுத்தால் குடிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் மெதுவாக. அவள் கத்தினால் எனக்குத் தலைவலி வரும். கத்தாமல் இருந்தபோது பயம் வந்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கியதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தக்காளி போடுகிறவன். என் தக்காளியைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுவார்கள். தோல் கொஞ்சம் தடிமன். எனக்கும் அப்படித்தான், அதனால் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, என்ன தோன்றியதோ, இவள் ஒரு பெட்டித் தக்காளியைத் தூக்கிக்கொண்டு போய், பஸ் பணிமனைக்குப் பின்னால் சும்மா கிடந்த மைதானத்தில் உட்கார்ந்தாள். விசில் ஊதினாள். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் முட்டைக்காரர் வந்தார். பிறகு கத்தரிக்காய் விற்கும் அம்மா, கீரைக்கட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு தேன்காரர். விளைவித்தவனே விற்கும் சந்தை என்று பெயர் வந்துவிட்டது. நகராட்சிக்காரர்கள் இரண்டு குழாய் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்றில் தண்ணீர் வரும்.

என் மனைவி மறுபடியும் கத்த ஆரம்பித்தாள். காலையில் விசில் ஊதினால் சந்தை திறந்தது, மதியம் ஊதினால் மூடியது. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, இரண்டாவது கத்தரிக்காய்க்காரர் வரும் வரை. அவர் மூட்டையைப் பிரித்ததும் பழைய கத்தரிக்காய் அம்மாவுக்கு முகம் மாறியது. வார்த்தை தடித்தது, பிறகு கத்தரிக்காய் பறந்தது. ஒன்று தேன்காரர் காதில் பட்டது. அன்று மதியமே முட்டைக்காரர் கூட்டம் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்: ஒரு பொருளுக்கு ஒரே கடை. யார் முதலில் வந்தாரோ, அந்தப் பொருள் அவருக்குச் சொந்தம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். என் மனைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டம் போட்டாயிற்று. இனி புதிதாக யார் வர முடியும்? எங்களிடம் இல்லாததை வைத்திருப்பவர் மட்டும்தான் வர முடியும். ஊரில் எங்களிடம் இல்லாதது என்ன? யாரும் கேட்காததுதான். ஒருவர் புதினா மட்டும் கொண்டுவந்தார். ஒருவர் உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூடு. முயல் எரு என்று ஒருவர் பை பையாக அடுக்கினார். அவர் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது தேன்காரர் கடையைத் தள்ளிப் போட்டார். அவர்களும் இரண்டு வாரம் வந்து, ஒன்றும் போணியாகாமல் போய்விட்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கும் எங்கள் சந்தை அலுத்துவிட்டது. மனிதர்கள் சந்தைக்கு வருவது வாங்க மட்டுமா? நாலு கடையில் விலை கேட்க வேண்டும், எடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும், உதட்டைப் பிதுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும், பிறகு முதல் கடைக்கே திரும்பி வந்து, "சரி, போடுங்க" என்று சலித்துக்கொண்டு வாங்க வேண்டும். எங்கள் சந்தையில் தக்காளி என்றால் என் தக்காளி. பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டாலும் வாங்கு. அவர்கள் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்து, மெயின் ரோட்டுப் பெரிய கடைக்குப் போனார்கள்.

அப்போதுதான் நகராட்சி இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்தார். இறங்கக்கூட இல்லை. மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் மனைவி முன்னால் நிறுத்தினார்.

"ஏம்மா, நான் பைக்லயே ஒரு ரவுண்டு வந்துட்டேன், யாரும் குறுக்க வரல. இவ்ளோ எடத்த நீங்க நாலஞ்சு பேர் வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? ஊர்ல கார் நிறுத்த எடம் இல்ல. இந்த சீசன் முடியறதுக்குள்ள மைதானம் நிரம்பலன்னா பார்க்கிங்தான். கடைசி சனிக்கிழமை வந்து பாப்பேன்."

அன்று வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் ஏதோ கேட்டேன். "ம்" என்றாள், மெதுவாக. மைதானம் போனால் போகட்டும், தக்காளியை எங்காவது தள்ளிவிடலாம். இவள் மறுபடி இந்தக் கட்டிலுக்கு வந்துவிடக் கூடாது.

நல்லவேளையாக மறுநாள் காலை எழுந்து பஸ் ஏறிவிட்டாள். அவள் ஓடிய பழைய ரூட்கள் எல்லாவற்றிலும் போனாள். எந்த நிறுத்தத்தில் எவர் என்ன மூட்டையோடு ஏறுவார் என்பது அவளுக்கு மனப்பாடம். காரணம், அத்தனை மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டுச் சண்டை வாங்கியவள் அவள்தான். ஒருநாள் துணைக்கு நானும் போனேன். வெங்காயம் போடுகிற ஒரு பெரியவர் எங்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீயா? என் மூட்டைக்கு ரெண்டு ஆள் டிக்கெட் போட்டவதானே நீ?"

"ரெண்டு ஆள் எடத்த அடைச்சுது, போட்டேன்" என்றாள் இவள். "இப்ப மூணு ஆள் எடம் தரேன், டிக்கெட்டே கெடையாது. சந்தைக்கு வாங்க."

"அப்ப போட்ட டிக்கெட்டுக்கு மன்னிப்புக் கேளு."

"அதெல்லாம் கேக்க முடியாது. அது ரூல்ஸ். வரீங்களா இல்லையா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வருகிறேன் என்றார். போகிற இடத்திலெல்லாம் இதே கதைதான். முதலில் பழைய சண்டை பாக்கி இல்லாமல் தீரும், பிறகு தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு சம்மதிப்பார்கள். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மனிதர்களுக்குத் தங்களைத் திட்டியவர்கள் மேல் ஒரு தனி மரியாதை இருக்கிறது போலும். நானே சாட்சி.

கடைசி ரூட்டில் ஒரு தாடிக்காரர். அவருக்கும் அவர் தெருக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு வேன். வந்தால் தெருவே வரும், வராவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அவர்கள் வந்தால் மைதானம் நிரம்பிவிடும். ஆனால் அவர்களிடம் இருந்தது கத்தரிக்காய், கீரை, முட்டை. தாடிக்காரரிடம் இருந்தது தக்காளி.

அன்று அவள் அந்தத் தக்காளியில் ஒன்றைக் கொண்டுவந்து, வெட்டித் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"சாப்ட்டுப் பாருங்க."

சாப்பிட்டேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. "சுமார்தான்" என்றேன். அடுத்த துண்டையும் எடுத்தேன். மூன்றாவதற்குக் கை போனபோது அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சந்தை முடிந்ததும் கூட்டம் போட்டாள். சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றாள். முட்டைக்காரர் எகிறிக் குதித்தார்.

"அக்கா, நாங்க வெயில்ல காஞ்சு வளர்த்த சந்தை இது. இன்னொருத்தன் முட்டையோட வந்து என் பக்கத்துல உக்காந்தா நான் என்ன பண்றது? அடைகாக்கறதா?"

"பக்கத்துல போட்டி இருந்தாத்தான் ஆள் வரும். ஆள் வந்தாத்தான் எடம் இருக்கும். எடம் போச்சுன்னா உங்க முட்டைய கார் மேலயா வெச்சு விப்பீங்க?"

"அதெல்லாம் சரி. வயித்துல அடி வாங்கறது நாங்கதானே?"

"மொத அடி எனக்கே விழட்டும். புதுசா வர்ற தக்காளிய என் மேசைக்குப் பக்கத்துலயே போடறேன், போதுமா?"

"அது நம்ம மேசை" என்றேன் நான். "நம்ம தக்காளி." யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் முட்டைக்காரரைப் பார்த்தார்கள். அவர் திடீரென்று தேனாக இளகினார். சரி, ஒரே ஒரு சனிக்கிழமை வரட்டும், இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கே வரட்டும், பார்க்கலாம் என்றார். அவர் அப்படி இளகியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. தண்ணீர் வராத குழாயடிக்கு எங்களை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போனார். திட்டம் இதுதான்: அந்தச் சனிக்கிழமை பழைய ஆட்கள் எல்லாரும் பாதி விலைக்கு விற்பது. புதியவர்கள் சரக்கு அசையாது. வேன் வாடகை கையைக் கடிக்கும். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஆனால் மைதானம் நிரம்பியிருந்ததை இன்ஸ்பெக்டர் பார்த்திருப்பார். கல் ஒன்று, மாங்காய் இரண்டு.

"கண்டக்டரம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றார் என்னிடம்.

"சேச்சே" என்றேன். எனக்குத் திட்டம் பிடித்துத்தான் இருந்தது. தாடிக்காரர் தக்காளி அழுகும் காட்சியைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்தேன், மிக அழகாக இருந்தது. ஆனால் என் வயிற்றில் எதுவும் தங்காது. வீட்டுக்குள் நுழைந்த அவள் இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண் விரிந்தது.

"பாதி விலையா? நெஜமாவா? எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

சிரித்தாள். குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். டிரைவர்கள் எல்லாரும் அவள் கூட வண்டியில் ஓடிய தம்பிகள். அந்த வாரம் முழுக்க எந்தப் பஸ் எந்த நிறுத்தத்தில் நின்றாலும் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சனிக்கிழமை சந்தையில எல்லாம் பாதி விலை! முட்டை, கத்தரிக்கா, கீரை, பாதி விலை!" என்று கத்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

"நம்ம தக்காளியும் பாதி விலைதானே?" என்று கேட்டேன்.

"நம்ம தக்காளி மட்டும் எப்பவும் போலதான்."

"ஏன்?"

"நான் கூப்ட்டு வந்தவங்க எதுத்தாப்புல நானே விலைய ஒடைப்பேனா? எனக்கு வெக்கமா இருக்காது?"

எனக்கு வெட்கம் எல்லாம் இல்லை. ஆனால் யார் என்னைக் கேட்டார்கள்?

கடைசி சனிக்கிழமை வந்தது. விசில் ஊதுவதற்கு முன்பே வாசலில் கூட்டம் நெருக்கியது. ரூட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இருந்த ஜனம் மொத்தமும் பையோடு இறங்கியிருந்தது. முட்டைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்திருந்தால் முழு விலைக்கே விற்றிருப்பார். மெல்ல விலையை ஏற்றிப் பார்த்தார்.

"பஸ்ல பாதி விலைன்னாங்களே! டிரைவர் பொய் சொல்வாரா?" என்று ஒரு அம்மா போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த முட்டை ஒன்று நழுவி அவர் காலிலேயே உடைந்தது. அதற்குப் பிறகு பாதி விலைக்கே எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

வெயில் உறைக்கத் தொடங்கும் முன்பே, என்னைத் தவிர, பழைய ஆட்கள் எல்லாருடைய கடையும் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. அங்கேதான் திட்டம் கவிழ்ந்தது. பஸ் பிடித்து வந்த ஜனம் அரைப் பையோடு திரும்பிப் போகுமா? அப்படியே புதியவர்கள் பக்கம் திரும்பியது. முழு விலை. யாரும் முகம் சுளிக்கவில்லை. வெங்காயப் பெரியவருக்கு அள்ளிப் போட்டு மாளவில்லை. விரட்ட வந்தவர்கள் கூட்டத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டு, வெறும் கூடை முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முட்டைக்காரர் பொழுது போகாமல் தாடிக்காரர் கடைக்குப் போய் ஒரு தக்காளியைக் கடித்தார். பிறகு பை எடுத்துக்கொண்டு வந்து ஒரு கிலோ வாங்கினார். என் கண் முன்னாலேயே.

இன்ஸ்பெக்டரால் பைக்கை உள்ளே கொண்டுவர முடியவில்லை. ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கூட்டத்தில் ஒருவர் அவர் காலை மிதித்தார், இன்னொருவர் அவர் தோளில் பூசணிக்காயைச் சாய்த்தார். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்ற இடம் சரியாக நடைபாதை நடுவில். என் மனைவி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள், ஆள் யார் என்று மட்டும் பார்க்கவில்லை.

"சார், ஏன் மரம் மாதிரி வழில நிக்கிறீங்க? வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா உள்ள நகருங்க!"

இன்ஸ்பெக்டர் நகர்ந்தார். நகர்ந்தவர் கூட்டத்தோடு போய் அந்தப் பக்க வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். கையில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. மறுவாரம் நகராட்சியிலிருந்து ஆள் வந்து, மைதானம் சந்தைக்குத்தான், பார்க்கிங் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் வராத குழாயையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

முட்டைக்காரர் இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "பாதி விலை ஐடியா யாரோடதுன்னு நெனச்சீங்க? நம்மளோடது."

என் தக்காளி? அன்று இரண்டு பேர் தாடிக்காரர் மேசை என்று நினைத்து என்னிடம் வாங்கினார்கள். அதில் ஒருவர் திரும்பி வந்து மாற்றித் தரச் சொன்னார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் புது முகங்கள். மேசைக்கு மேசை ஒட்டிக்கொண்டது. எல்லாருக்கும் வியாபாரம் ஏறியது, கத்தரிக்காய் அம்மாவுக்குக்கூட. எதிர்க் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இரண்டு மடங்கு விற்கிறாள். எனக்கு மட்டும்தான் இறங்கியது. கொண்டுபோனதில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். நான் விடாமல் கொண்டுபோனேன். சும்மா விட்டுவிடுவேனா?

இந்த வருஷ மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, சந்தை பாதி நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பெண் தள்ளுவண்டியில் பரங்கிக்காயோடு வந்து வாசலில் நின்றாள். வெகு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் புழுதி. என் மனைவி மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு பாய் விரிக்கக்கூட இடம் இல்லை. பிறகு அவள் பார்வை என் மேசைக்கு வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி தக்காளியை அடுக்கினேன்.

"என்னங்க, எழுந்திரிங்க."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு இங்க போடட்டும்."

"இது நம்ம எடம். மொதமொதல்ல நீ வந்து உக்காந்த எடம்."

"ஆமா. இப்ப நான் உக்கார்றதே இல்லையே."

"என் தக்காளி?"

"வீட்ல சமைக்கறேன். நமக்கு வேணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேருக்கு இடம் கண்டுபிடித்தவளால், வருஷக்கணக்காய்த் தக்காளி போட்ட கட்டின புருஷனுக்கு ஒரு மேசை கண்டுபிடிக்க முடியவில்லையா? கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அவள் அந்தப் பக்கம் திரும்பி, யாரோ கூடையைக் குறுக்கே வைத்ததற்காக உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தாள். தொண்டை கரகரத்துப் போயிருந்தது. தலைமுடி கலைந்து, கழுத்தெல்லாம் வியர்வை. முகத்தில் அப்படி ஒரு களை. இவளையா நான் அந்தக் கட்டில் விளிம்பில் பார்த்தேன் என்று இருந்தது.

தக்காளியைப் பெட்டியில் அள்ளினேன். தள்ளுவண்டியிலிருந்து பரங்கிக்காயை நானே இறக்கி மேசையில் வைத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கூச்சம்.

"அண்ணே, அப்ப உங்க வியாபாரம்?" என்று கேட்டாள்.

"வியாபாரம் ஒண்ணும் இல்லம்மா. அதோ கத்தறாளே, நான் அவ வீட்டுக்காரன்."

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். என் மனைவிக்குக் கேட்டிருக்காது, சந்தையில் அவ்வளவு இரைச்சல்.